சிகரெட்டே தொடாதவருக்கு நுரையீரல் புற்றா? 'ஜீன்ல இருக்கு' என்றால் உண்மையில் என்ன?

போன வருஷம் ஆடி மாசம், கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அத்தையை வேலூருக்குக் கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். அதற்கு முன்னால் ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு ஐந்து மாசம் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருந்தார், சளியில் கிருமி தெரியாமலேயே. இருமல் நிற்கவில்லை, ஆள்தான் இளைத்துக்கொண்டே போனார். இங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்று என்று வந்தது. அத்தைக்கு 58 வயசு, வெற்றிலைகூடப் போட்டதில்லை.

இன்சூரன்ஸுக்காக ரிப்போர்ட்டை நகலெடுக்க ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைப்பையன் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவா சார்? இதுக்கு மாத்திரை இருக்கு சார், பயப்படாதீங்க" என்றான். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது கட்டியில் சோதித்துப் பார்க்கிற ஒரு மரபணு, விவரம் பின்னால் வரும். ஒரு நாளைக்கு நூறு ரிப்போர்ட்டைத் திருப்பிப் போடுகிறவன், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு வேறு. ரிப்போர்ட்டில் மியூட்டேஷன் என்று போட்டிருக்கிறது, மியூட்டேஷன் என்றால் ஜீன் கோளாறு, ஜீன் கோளாறு என்றால் பரம்பரை, அப்போ பொண்ணுக்கும் வரும். அன்று சாயந்திரம் எங்கள் பஸ் காட்பாடியைத் தாண்டுவதற்குள் செய்தி ஊர்போய்ச் சேர்ந்து, அத்தையின் சின்னப் பெண்ணுக்கு ஆரணியில் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து "யோசிச்சுச் சொல்றோம்" என்று போன் வந்துவிட்டது.

28 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுத்தவன் நான். மரபணு பாடத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், சொந்தக் குடும்பத்துக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. அந்த ஒரு மாசத்துப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சிகிச்சை யோசனைக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

புகைக்காதவர் என்றால் யார்?

ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாழ்நாளில் மொத்தமாக 100 சிகரெட்டுக்குக் குறைவாகப் பிடித்தவர், 'ஒருபோதும் புகைக்காதவர்'. காலேஜில் நண்பன் கொடுத்தான் என்று நாலு இழுப்பு இழுத்தவரும் இதில் வந்துவிடுவார். பத்து வருஷம் பிடித்துவிட்டுப் போன பொங்கலோடு விட்டவர் வரமாட்டார்.

உலகம் முழுக்க நுரையீரல் புற்று வருகிறவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேர் இப்படிப் புகைக்காதவர்கள். ஆசியப் பெண்களிடம் இந்தப் பங்கு இன்னும் அதிகம், இந்திய மருத்துவமனைப் பதிவுகள் சிலவற்றில் பாதியை நெருங்குகிறது. இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, பிடிச்சாலும் வரும் பிடிக்காட்டியும் வரும்" என்று யாராவது பீடியைப் பற்றவைத்தால் அவருக்கு ஒரு வார்த்தை. புகைக்கிறவருக்கு ஆபத்து பல மடங்கு, பத்து இருபது மடங்கு என்று போகும். அது எல்லாவற்றுக்கும் மேல் முதல் காரணமாகவே இருக்கிறது.

புகைக்காதவர்களுக்கு வருவது பெரும்பாலும் 'அடினோகார்சினோமா' என்ற வகை. சளிபோன்ற திரவத்தைச் சுரக்கும் செல்களில் தொடங்குகிற புற்று அது. நுரையீரலின் வெளி ஓரமாக வளர்வதால் ரொம்ப நாள் சத்தம் காட்டாமல் இருக்கும்.

ஆபத்துக் காரணி: பாலத்தின் மேல் சிந்திய மணல்

"எதனாலதான் வந்துச்சு?" என்று அத்தை கேட்காத நாள் இல்லை. ஒரே ஒரு காரணத்தைக் கைகாட்டச் சொல்கிறார். அப்படிக் காட்ட முடியாது, ஏன் முடியாது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணல் கிடக்கிறது என்று வையுங்கள். அன்றைக்கு அந்த வழியில் ஐந்நூறு பைக் போகிறது, மூன்று சறுக்கி விழுகிறது. மணல் இல்லாத நாளிலும் ஒன்று விழுந்திருக்கும். விழுந்தவர்களில் ஒருவருக்கு டயர் தேய்ந்திருந்தது, இன்னொருவர் போனில் பேசிக்கொண்டு போனார். இப்போது மணலால் விழுந்தாரா டயரால் விழுந்தாரா என்றால் என்ன பதில் சொல்வது? மணல் இருந்தால் விழுகிறவர்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். இப்படி எண்ணிக்கையைக் கூட்டுகிற எதற்கும் 'ஆபத்துக் காரணி' என்று பெயர். அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றும் இல்லை, இல்லாவிட்டால் வரவே வராது என்றும் இல்லை.

மடங்குக் கணக்கிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. "ஆபத்து ஒன்றரை மடங்கு" என்று பேப்பரில் படித்தவுடன் நெஞ்சு பகீர் என்கிறது. எதிலிருந்து ஒன்றரை மடங்கு என்று கேளுங்கள். ஆயிரம் பேரில் நாலு பேருக்கு வருகிற ஒன்று (கணக்குக்காகச் சொல்கிறேன்) ஒன்றரை மடங்கானால் ஆறு பேர். மீதி 994 பேருக்கு வரவில்லை.

மூலப்பத்திரமும் நகலும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இதை நான் பல வழியில் சொல்லிப் பார்த்துத் தோற்றேன். கடைசியில் வேலை செய்தது ஜெராக்ஸ் கடையில் தோன்றிய ஒப்பீடுதான்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பத்திரம் இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள பத்திரம். அதில் ஒரு வேலைக்கான குறிப்பு எழுதப்பட்ட ஒவ்வொரு பத்திக்கும் 'மரபணு', அதாவது ஜீன், என்று பெயர். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கருவில் வந்து சேர்ந்தது மூலப்பத்திரம். அதற்கப்புறம் செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் பத்திரத்தை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து இதே வேலை.

இவ்வளவு நகலெடுத்தால் எங்கேயாவது எழுத்துப் பிழை வரத்தானே செய்யும்? அந்தப் பிழைக்குத்தான் 'மியூட்டேஷன்' என்று பெயர், பாடப்புத்தகம் சடுதிமாற்றம் என்று சொல்லும். பிழையைத் திருத்துவதற்கென்றே செல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணிலும் தப்பி ஒன்றிரண்டு நின்றுவிடும்.

பிழை எங்கே வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூலப்பத்திரத்திலேயே பிழை இருந்தால் அதிலிருந்து எடுத்த எல்லா நகலிலும் அது இருக்கும், தலைமுடியின் வேரிலும் ரத்தத்திலும் கருமுட்டையிலும் இருக்கும், ஆகவே பிள்ளைகளுக்குப் போகலாம். இது 'பிறவி மாற்றம்'. அத்தைக்கு ஐம்பது வயசில், வலது நுரையீரலின் ஒரு மூலையில், ஒரே ஒரு செல்லில் நகலெடுக்கும்போது பிழை வந்திருந்தால்? அந்த நகலிலும் அதிலிருந்து எடுத்த நகல்களிலும் மட்டும்தான் அது இருக்கும். அதே அத்தையின் இடது கையில் இருக்காது. முப்பது வருஷத்துக்கு முன் பிறந்த பிள்ளையிடம் எப்படி இருக்கும்? இது 'பிற்சேர்க்கை மாற்றம்'.

புற்றுக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் செய்கிற ஈ.ஜி.எஃப்.ஆர். டெஸ்ட், கட்டியின் பத்திரத்தைப் படிக்கிறது. அதில் பாசிட்டிவ் என்றால் கட்டியில் அந்தப் பிழை இருக்கிறது என்று அர்த்தம். ஏறக்குறைய எப்போதும் அது பிற்சேர்க்கைதான். விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: புற்று வருவது செல்லின் பத்திரத்தில் வரும் பிழையால், ஆகவே எல்லாப் புற்றும் ஜீன் நோய்தான். ஆனால் எல்லா ஜீன் நோயும் பரம்பரை நோய் அல்ல.

அமுங்கிப்போன காலிங் பெல்

300 கோடி எழுத்தில் எங்கே பிழை வந்தாலும் புற்று வந்துவிடாது. பெரும்பாலான பிழைகள் யாரும் படிக்காத பக்கத்தில் விழுகின்றன. சில இடத்தில் விழுந்தால்தான் வினை.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் வாசலில் இருக்கிற காலிங் பெல் மாதிரி. வெளியிலிருந்து ஒரு சேதி வந்து அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும், "பெருகு" என்று அர்த்தம். கையை எடுத்தால் நின்றுவிடும். குறிப்பிட்ட சில எழுத்துப் பிழைகள் இந்த சுவிட்சை அமுங்கினபடியே மாட்டிவிடுகின்றன. வாசலில் யாருமில்லை, மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, செல்லும் பெருகிக்கொண்டே போகிறது. இப்படிப் புற்றை ஓட்டிச் செல்கிற பிழைக்கு 'ஓட்டுநர் மாற்றம்' என்று பெயர்.

இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ். புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம். 2007இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஏ.எல்.கே. என்ற இன்னொரு ஓட்டுநரும் உண்டு, அது இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதால் வருவது, நூற்றில் நாலைந்து பேரிடம்தான் இருக்கும்.

ஜெராக்ஸ் பையன் சொன்ன மாத்திரை இந்த மாட்டிக்கொண்ட சுவிட்சுக்குத்தான். எந்தக் கட்டியில் மாத்திரை கேட்கும் என்பதற்கும் இந்தப் பிழைக்கும் உள்ள தொடர்பு 2004இல் தெரியவந்தது. புகைக்கிறவரின் கட்டியில் பிழைகள் பத்து மடங்கு அளவுக்கு அதிகம், கன்னாபின்னாவென்று கிறுக்கப்பட்ட பத்திரம். புகைக்காதவரின் கட்டியில் பிழை குறைவு, பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டுநர் தெளிவாகத் தெரியும். குறிபார்த்து அடிக்க வசதி. அதனால் 'மியூட்டேஷன் பாசிட்டிவ்' என்ற வரி, குடும்பத்தில் இடி விழுந்த மாதிரி படிக்கப்பட்ட அந்த வரி, டாக்டர் பார்வையில் பல நேரம் நல்ல சேதி.

அடுப்புப் புகையும் திண்ணைப் பீடியும்

பிழை எப்படி வருகிறது, வந்த பிழை எப்படிப் புற்றாகிறது? இங்கேதான் சுற்றுச்சூழல் வருகிறது. அத்தையின் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அது கூரை வீடு. பின்கட்டில் ஓர் ஆள் குனிந்து போகிற சமையல் அறை, ஜன்னல் இல்லை, புகைபோக வழி என்றால் கூரையும் சுவரும் சேருகிற இடைவெளிதான். வேலிக்காத்தான் முள்ளு, வரட்டி, மல்லாட்டைத் தோல், மழை நாளில் ஈரத் தென்னை மட்டை. அத்தை ஊதாங்குழலை வைத்து ஊதும்போது முகம் அடுப்பிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கும், கண்ணெல்லாம் தண்ணி. கூரையின் உள்பக்கம் தார் பூசினதுபோல் கறுத்துத் தொங்கும் ஒட்டடை, அதைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கேஸ் அடுப்பு வந்தது அரசு இலவசமாகக் கொடுத்தபோது. அதற்கப்புறமும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். முப்பது வருஷம் அந்தக் கூரையில் ஒட்டினது அத்தையின் நெஞ்சிலும் ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பது புற்றை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்ட விஷயம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற பகுதியில் புகை அதிகம் வரும் ஒருவகை நிலக்கரியை வீட்டுக்குள் எரிப்பார்கள். பீடி சிகரெட் தொடாத பெண்களுக்கு அங்கே நுரையீரல் புற்று மிக அதிகமாக இருந்தது. அடுப்புக்குப் புகைக்கூண்டு வைத்த வீடுகளில் அது கணிசமாகக் குறைந்ததை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் விறகு அடுப்பை உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு முகமை ஒரு படி கீழே, 'அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்திருக்கிறது.

இந்த வரிசை விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'முதல் வரிசை' என்றால் மிகக் கொடியது என்று அர்த்தமில்லை, ஆதாரம் மிக உறுதியானது என்று அர்த்தம். கோர்ட்டில் திருட்டு நிரூபணமாகிவிட்டது என்பது ஒரு விஷயம், திருடினது பத்து ரூபாயா பத்து லட்சமா என்பது வேறு விஷயம். வரிசை முதலாவதைத்தான் சொல்கிறது.

அடுத்து மாமா. திண்ணையில் உட்கார்ந்து நாளைக்கு இரண்டு கட்டு பீடி. மழைக்காலத்தில் திண்ணை உள்ளே வந்துவிடும். மற்றவர் விட்ட புகையை நாம் இழுப்பது 'இரண்டாம்நிலைப் புகை'. 1981இல் ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர், அதிகம் சிகரெட் பிடிக்கும் கணவர்களின் புகைக்காத மனைவிமாருக்கு நுரையீரல் புற்று கூடுதலாக வருவதைக் கணக்கெடுத்துக் காட்டினார், புகையிலைக் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன. இன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடும் என்பது. மாமாவுக்கு இதை நான் சொல்லவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே பீடிக் கட்டைச் சாணிக் குப்பையில் போட்டுவிட்டார், அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது.

குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. "சுத்துறதால வருமா சார்?" என்று அத்தையைப் பார்க்க வந்த ஒரு அக்கா கேட்டார். புகையில் இருக்கும் புற்று நச்சுகளில் பல, எரியும்போது பிறப்பவை, ஆகவே சுற்றுவதும் பிடிப்பதும் ஒன்றல்ல. ஆனால் புகையிலைத் தூள் நாள் முழுக்க மூக்கில் ஏறினால் இருமலும் மூச்சுத் தொல்லையும் வரும். வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்து, வாயை மூடித் துணி கட்டிச் சுற்றுவது நல்லது.

ஊர்க் காற்று

வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் பத்து நிமிஷம் நின்று வீட்டுக்கு வந்து மூக்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்தக் கறுப்பு, மூக்கு பிடித்து நிறுத்திய பெரிய தூசு. நிறுத்த முடியாததுதான் பிரச்சினை. 'பி.எம். 2.5' என்பது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான தூசு, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அது மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைவரை போய் உட்காரும். டீசல் புகையும் சூளைப் புகையும் குப்பை எரிப்பதும் இதைக் கொடுக்கின்றன. டீசல் புகை 2012இலும் வெளிக்காற்று மாசு 2013இலும் முதல் வரிசையில் சேர்க்கப்பட்டன. ஒரு கன மீட்டர் காற்றில் வருஷ சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசு இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவின் அனுமதி அளவு 40.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல். தோல் என்றால் குரோமியம், குரோமியம் என்றால் கேன்சர் என்று நம் ஆட்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு உப்பிலும் குளோரின் இருக்கிறது, குளோரின் வாயுவும் இருக்கிறது, இரண்டையும் ஒன்று என்போமா? தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். நுரையீரல் புற்றோடு உறுதியாகத் தொடர்புள்ளது ஆறு இணைதிறன் குரோமியம், அதுவும் தூசாகவோ ஆவியாகவோ மூச்சில் போகும்போது. குரோமேட் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களிடமும் முலாம் பூசும் தொழிலிலும் பார்த்தது இது. ராணிப்பேட்டையில் என்றோ மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறதே, அங்கே கவலை இந்த ஆறாம் வகையைப் பற்றியது. பக்கத்து நிலத்தடி நீரை அது கெடுத்திருப்பது தனியாக எழுத வேண்டிய பெருங்கதை.

கல் குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிக்கா தூசும் முதல் வரிசைதான். 'ரேடான்' என்று ஒரு வாயு இருக்கிறது, பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் மெல்லச் சிதையும்போது கசிவது, நிறமில்லை, மணமில்லை. பல நாடுகளில் புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருங்கல் மலைக்கு நடுவில் இருக்கிறோமே என்று பயப்பட வேண்டாம், கதவு ஜன்னலை இறுக மூடிவைக்கும் குளிர்நாட்டு வீடுகளில்தான் அது அதிகம் சேரும். வேலூர் வெயிலில் ஜன்னலை மூட யாரால் முடியும்?

பழைய டி.பி. தழும்பும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால்தான் ஒருமுறை டி.பி. வந்து குணமானவருக்குத் திரும்ப இருமல் வந்தால் "அதேதான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கோரைக்கிழங்கும் தண்ணீரும்

தூசு பத்திரத்தில் பிழையை உண்டாக்குகிறது, பிழை புற்றாகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். கதை அவ்வளவு நேராக இல்லை என்று லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். புற்று இல்லாத 295 நுரையீரல் திசு மாதிரிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். ஓட்டுநர் பிழை ஏற்கெனவே இருந்தது! புற்று இல்லை, பிழை மட்டும் சும்மா கிடந்தது. வயசாக ஆக இப்படிச் சில பிழைகள் எல்லோரிடமும் சேர்கின்றன.

வயலில் கோரை தெரியும்தானே. கோடை உழவு முடிந்து நிலம் சுத்தமாகத்தான் இருக்கும், மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணி பாய்ந்த மூன்றாம் நாள் பச்சைப் பசேலென்று தலைகாட்டும். தண்ணீரா கோரையை உண்டாக்கியது? இல்லை, கிளப்பிவிட்டது. பி.எம். 2.5 செய்வதும் அதுதான். தூசு போய் உட்கார்ந்த இடத்தில் நுரையீரலின் காவல் செல்கள் 'அழற்சி' என்ற அபாய நிலையைத் தொடங்குகின்றன, அதாவது காயம்பட்ட இடம் சிவந்து வீங்குகிற அதே ஏற்பாடு. அப்போது 'இன்டர்லூக்கின் 1 பீட்டா' என்ற ரசாயனச் சேதி வெளியாகிறது. புண்ணை ஆற்றுவதற்கான சேதிதான், பிழையோடு தூங்கிக்கொண்டிருந்த செல் அதைக் கேட்டு எழுந்து பெருக ஆரம்பிக்கிறது. எலிகளில் அந்தச் சேதியை மட்டும் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

எனக்கு இதில் பிடித்தது, 'ஜீனா சூழலா' என்ற பட்டிமன்றமே அர்த்தமில்லாமல் போய்விடுவதுதான். கிழங்கும் வேண்டும், தண்ணியும் வேண்டும்.

அதற்காகத் தூசு பத்திரத்தைத் தொடுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 28 பகுதிகளைச் சேர்ந்த, புகைக்காத 871 நோயாளிகளின் கட்டிகளை முழுசாகப் படித்து 2025இல் வெளியிட்டார்கள். பத்திரத்தைப் பார்த்தே எந்த எழுத்தர் எழுதியது என்று சிலர் சொல்லிவிடுவார்களே, அதுபோல ஒவ்வொரு நச்சும் தனக்கென்று ஒரு பிழைப் பாணியை விட்டுச்செல்கிறது. மாசு அதிகமான ஊர்க்காரர்களின் கட்டியில் பிழைகள் அதிகம் இருந்தன, சிகரெட்டின் கையெழுத்தை ஒத்த பிழைகளும் கூடியிருந்தன. மற்றவர் விட்ட புகையின் கையெழுத்து அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. தைவான் நோயாளிகள் சிலரிடம் மட்டும் 'அரிஸ்டோலோகிக் அமிலம்' என்ற மூலிகை நச்சின் கையெழுத்து இருந்தது. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் கெடுப்பதில் ஏற்கெனவே பேர்போனது அது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோகியா இனச் செடிதான், யாரோ சொன்னார்கள் என்று அரைத்துக் குடிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

இதுவரை: பிழை தானாகவும் வரும், நச்சாலும் வரும். வந்த பிழை தூங்கவும் செய்யும். புகையும் தூசும் பிழையைச் சேர்க்கவும் செய்கின்றன, தூங்குவதை எழுப்பவும் செய்கின்றன.

அப்போ பரம்பரை என்பதே இல்லையா?

இருக்கிறது, சின்ன அளவில். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்று இருந்தால் புகைக்காதவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரையிலும் ஒரு பங்கு பத்திரத்தால் அல்ல, ஒரே அடுப்படியில் வளர்ந்ததால். குடும்பம் என்றால் ஜீன் மட்டுமா, புகையையும் சேர்த்துத்தானே பகிர்ந்துகொள்கிறோம். பிறவியிலேயே நம் எல்லோரிடமும் உள்ள சின்னச் சின்ன எழுத்து வித்தியாசங்கள் சில, ஒவ்வொன்றும் துளித்துளியாக ஆபத்தைக் கூட்டியோ குறைத்தோ வைக்கின்றன.

விதிவிலக்கு சொல்வதாகச் சொன்னேன். ஈ.ஜி.எஃப்.ஆரிலேயே 'டி790எம்' என்ற பிழை, மிக அபூர்வமாகச் சில குடும்பங்களில் மூலப்பத்திரத்திலேயே இருக்கிறது. டி.பி.53 என்ற காவல் மரபணுவில் பிறவிப் பிழை உள்ள குடும்பங்களும் உண்டு, அவர்களுக்குச் சின்ன வயசிலேயே பலவகைப் புற்றுகள் வரும். இப்படிச் சந்தேகம் இருந்தால் டாக்டர் கட்டியை விட்டுவிட்டு ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். ஏன் ரத்தம் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்துவிட்டால் எல்லோரும் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? பல நாடுகளில் குறைந்த கதிர் சி.டி. பரிசோதனை, வயசான, அதிகம் புகைத்தவர்களுக்குத்தான். தைவான் 2022இல் குடும்பத்தில் நோய் உள்ளவர்களையும் அதில் சேர்த்தது. ஸ்கேனில் ஆபத்தில்லாத புள்ளிகளும் தெரியும், அதைத் துரத்திக்கொண்டு தேவையில்லாத ஆபரேஷன் வரை போகிறவர்களும் உண்டு. ஆகவே எடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, குரல் கரகரத்துப்போய்ச் சரியாகாதது, இவற்றோடு மட்டும் "நான்தான் பீடி பிடிக்கலையே" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அத்தை உட்கார்ந்திருந்தார்.

ஆரணிக்காரர்

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். பத்திர எழுத்தர், சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷம். மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஆனது அவருக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ரிப்போர்ட் நகலை வாங்கி, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் பழக்கதோஷத்தில் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ வாத்தியாரே, வில்லங்கம் நகல்ல. மூலப்பத்திரம் சுத்தம்."

"பெரும்பாலும் அப்படித்தான் சார். டாக்டரும் பிறவிக் கோளாறுக்கான அடையாளம் ஒன்னும் இல்லன்னுதான் சொன்னார்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "எங்க வீட்டுல இன்னும் வெந்நீருக்கு வெறகுதான், உள்ளயே எரிப்போம். பொண்ணு வர்றதுக்குள்ள அடுப்பைத் தோட்டத்துப் பக்கம் மாத்திடறேன்" என்றார்.